உயிலுக்குப் புரோபேட்: எப்போது தேவை, எப்படி வாங்குவது

இறந்தவர் பெயரில் ஒரு வீடு, ஒரு வங்கிக் கணக்கு, கொஞ்சம் பங்குகள் இருக்கின்றன என்றால், இந்த மூன்று இடங்களிலும் கேட்கும் காகிதம் ஒன்றல்ல. இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் தேவையில்லாத சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் மாதக்கணக்கில் நிற்கின்றன, அல்லது உயிலை உறுதி செய்து நீதிமன்றம் தரும் புரோபேட் உத்தரவு வேண்டாத இடத்திலும் அதற்குப் பணம் கட்டுகின்றன. எந்தச் சொத்துக்கு எந்தக் காகிதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு வக்கீலிடம் போங்கள். பாதிச் செலவு அங்கேயே குறையும்.

பெயர்களே குழப்புகின்றன. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகம் தருவது, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டுமே அது சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. வாரிசுரிமைச் சான்று என்பது வேறு. வக்கீல்கள் ‘சக்சஷன் சர்டிஃபிகேட்’ என்று சொல்லும் இதை, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டும். வங்கி வைப்பு, பங்கு, கடன் பத்திரம், இறந்தவருக்கு வரவேண்டிய பாக்கி ஆகியவற்றுக்கு மட்டுமே இது செல்லும். வீடு, நிலம், மனை இதில் வராது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொன்று கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம்.

உயில் இருந்தால் கதை மாறும். உயிலில் சொன்னபடி சொத்தைச் சேர்ப்பிக்க நிறைவேற்றுநர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்திருந்தால், அவர் நீதிமன்றத்தில் வாங்குவது புரோபேட். அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 222ஆம் பிரிவின்படி நிறைவேற்றுநரைத் தவிர வேறு யாருக்கும் புரோபேட் கிடைக்காது. உயில் இருந்து, நிறைவேற்றுநர் பெயர் இல்லை அல்லது அவரும் இறந்துவிட்டார் என்றால், உயிலை இணைத்த நிர்வாக அதிகாரப் பத்திரம், அதாவது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம், வாங்க வேண்டும். நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதற்கு ஜாமீன்தாரர்களோடு பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

புரோபேட் ஒன்றை மட்டும்தான் சொல்கிறது: ‘இது இன்னாருடைய கடைசி உயில், முறைப்படி எழுதப்பட்டது.’ அந்த வீடு உண்மையிலேயே அவருக்குச் சொந்தமா, பூர்வீகச் சொத்தா என்பதை அந்த நீதிமன்றம் பார்க்காது. அது சிவில் வழக்கின் வேலை. பூர்வீகச் சொத்து முழுவதையும் அப்பா ஒரே மகனுக்கு உயில் எழுதி, அதற்குப் புரோபேட்டும் வாங்கிவிட்டாலும், தங்கையின் பங்கு அதனால் அழிந்துவிடாது. அப்பாவுக்கு அதில் இருந்த பங்கு மட்டுமே உயிலில் போகும்.

கட்டாயமா, இல்லையா?

நீண்ட காலம் சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று இடங்களுக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் தனி விதி இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் (வழக்குகளை அதுவே முதலில் நேரடியாக விசாரிக்கும் பகுதிக்குள்) எழுதப்பட்ட இந்துக்களின் உயிலுக்கும், வெளியே எழுதப்பட்டு அந்த எல்லைக்குள் உள்ள வீடு, மனையைப் பற்றிய உயிலுக்கும் புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று 213ஆம் பிரிவு சொன்னது. மதுரையிலேயே எழுதி, மதுரை வீட்டைப் பற்றி மட்டும் பேசும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. முஸ்லிம்களுக்கு ஒருபோதும் இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தில் விலக்கு வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது.

இனிமேல் உயிலை அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. போனது கட்டாயம் மட்டுமே. புரோபேட் நடைமுறை சட்டத்தில் அப்படியே இருக்கிறது, விரும்பியவர் வாங்கலாம். கீழ்க்காணும் நிலைமைகளில் வாங்கிவிடுவது நல்லது என்பதே எங்கள் கருத்து: ஒரு வாரிசையாவது உயில் ஒதுக்கியிருக்கிறது, சொத்தைச் சீக்கிரம் விற்கப்போகிறீர்கள், வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்குவார், சாட்சிகளுக்கு வயதாகிவிட்டது, வேறு மாநிலத்திலும் சொத்து இருக்கிறது. புரோபேட் உத்தரவு, வழக்கில் இருந்தவர்களை மட்டுமல்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும். வெறும் உயிலை வைத்துப் பெயர் மாற்றினால், பத்து வருடம் கழித்து ஒருவர் ‘அது அப்பா கையெழுத்தே இல்லை’ என்று வழக்குப் போடும்போது, சாட்சி உயிரோடு இருக்க மாட்டார்.

மாறாக, எல்லா வாரிசுகளும் ஒத்துப்போகிறார்கள், உயிலும் எல்லோருக்கும் சமமாகவே கொடுக்கிறது என்றால், நீதிமன்றப் பக்கமே போகாமல் பாகப்பிரிவினைப் பத்திரமோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. இதைச் சொல்லாமல் நேராகப் புரோபேட்டுக்கு அழைத்துப்போகும் வக்கீலிடம் ‘ஏன்?’ என்று ஒரு தடவை கேளுங்கள்.

முதல் சில வாரங்கள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கட்டணமும் அனுமதியும் சேரும், ஒரு வருடம் தாண்டினால் நிர்வாகத்துறை நடுவர் உத்தரவு வரை போகும். சான்றிதழில் இறந்தவர் பெயரின் எழுத்துகளை அங்கேயே நின்று சரிபாருங்கள். ஆதாரில் ‘கே. சுப்பிரமணியன்’, பத்திரத்தில் ‘சுப்ரமணியம்’, வங்கியில் ‘கே.எஸ். மணியன்’ என்று மூன்று வடிவம் இருந்தால், மூன்றும் ஒருவரே என்று ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டியிருக்கும். மனுவிலேயே ‘என்கிற’ போட்டு எல்லா வடிவங்களையும் எழுதிவிட்டால் பின்னால் திருத்த மனு போட வேண்டியதில்லை.

வாரிசுச் சான்றிதழில் அடிக்கடி விடுபடுபவர் இறந்தவரின் அம்மா. இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா அந்த வகுப்பில் இல்லை. ‘பாட்டிக்கு எதுக்கு’ என்று பெயரை விட்டுவிட்டு, பிறகு பாட்டியின் மற்ற பிள்ளைகள் அவருடைய பங்கைக் கேட்டு வருவது வழக்கமான சிக்கல். கல்யாணமாகிப் போன மகள் பெயரையும் விடக்கூடாது. உயிலில் அவருக்கு எதுவும் இல்லாவிட்டாலும், வாரிசு என்ற முறையில் அவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும்.

உயிலைத் தேடும்போது வில்லங்கச் சான்றை நம்பாதீர்கள். பதிவு செய்த உயில் அதில் வராது. உயில்கள் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் பதிவாகின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும், இறப்புச் சான்றிதழோடு போங்கள். மாவட்டப் பதிவாளரிடம் உறையில் முத்திரையிட்டு ஒப்படைத்த உயில்களும் உண்டு. லாக்கர், ஆடிட்டர், பழைய வக்கீல் என்று ஒரு சுற்று தேடுங்கள், ஏனென்றால் பிந்தைய தேதியில் இன்னொரு உயில் கிடைத்தால் முந்தையது வீண்.

அசல் உயில் கிடைத்தபின் அதில் துளை போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், ஸ்டேப்ளரைப் பிரித்து ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். ஸ்டேப்ளர் பின் குத்திய தடம் மாறியிருந்தாலே ‘நடுப்பக்கத்தை மாற்றிவிட்டார்கள்’ என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

உயிலைப் படிக்கும் முறை

முத்திரைத் தாளில் இல்லை, பதிவு செய்யவில்லை என்பதற்காக உயில் செல்லாமல் போகாது. வெள்ளைத் தாள் போதும். 63ஆம் பிரிவு கேட்பது இவைதான்: எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்க வேண்டும், குறைந்தது 2 சாட்சிகள் அவர் கையெழுத்திட்டதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அந்தச் சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. பத்திரத்தை எழுதியவர் என்று கீழே கையெழுத்துப் போட்ட பத்திர எழுத்தரை ஒரு சாட்சியாக எண்ணிவிடாதீர்கள். எழுதியதற்குப் போட்ட கையெழுத்து சாட்சிக் கையெழுத்து ஆகாது. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது.

இரண்டு சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். உயிலைக் கையில் எடுத்த வாரமே இருவரையும் தேடிப் பிடியுங்கள், முகவரி வாங்குங்கள், சாட்சி உறுதிமொழிப் பத்திரத்துக்குத் தயாரா என்று கேளுங்கள். வழக்கு தாமதமாவதற்கு முதல் காரணம் சட்டச் சிக்கல் அல்ல, சாட்சி எங்கே இருக்கிறார் என்று தெரியாததுதான். இருவருமே இறந்திருந்தால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். பழைய வங்கிப் படிவம், ஓய்வூதியப் புத்தகம் போன்றவற்றை இதற்காகவே பத்திரப்படுத்துங்கள். 30 வருடப் பழைய ஆவணங்களைச் சட்டம் எளிதாக நம்பும், ஆனால் அந்தச் சலுகை உயிலுக்குக் கிடையாது. பதிவு செய்த உயிலுக்கும் இதே நிரூபணம் வேண்டும்.

சந்தேகச் சூழ்நிலை என்று நீதிமன்றங்கள் சொல்வதை 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இன்றும் வக்கீல்கள் முதலில் எடுப்பது அதைத்தான். அதிகப் பங்கு வாங்குபவரே உயில் எழுதும் வேலையில் முன்னின்றார், கையெழுத்து நடுங்கியிருக்கிறது, காரணமே சொல்லாமல் மனைவியை ஒதுக்கியிருக்கிறது என்பன போன்றவை இருந்தால், சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவந்தவர்மேல் விழும். அந்தக் காலத்து மருத்துவக் கோப்பை எறிந்துவிடாதீர்கள்.

மனு

இறந்தவர் நிலையாக வசித்த இடத்திலோ அவருடைய சொத்து இருக்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். சென்னையில் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவு. எங்கே போடுவது என்று முடிவு செய்யும்போது வேறு மாநிலச் சொத்தை மனதில் வையுங்கள். உயர் நீதிமன்றம் தரும் புரோபேட் நாடு முழுவதும் செல்லும். மாவட்ட நீதிபதி தருவது, வெளிமாநிலச் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போனால், தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். பெங்களூரில் ஒரு ஃபிளாட் இருந்தாலே இந்த வரம்பு தாண்டிவிடும்.

மனுவோடு போக வேண்டியவை: அசல் உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஒரு சாட்சியின் உறுதிமொழி, சொத்து மதிப்புப் பட்டியல், மனுதாரர் அல்லாத வாரிசுகள் ஒப்புக்கொண்டால் அவர்களின் சம்மத உறுதிமொழி. உயர் நீதிமன்றத்தில் தமிழ் உயிலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். இறந்து 7 முழு நாட்கள் ஆன பிறகே புரோபேட் வழங்க முடியும், நிர்வாக அதிகாரப் பத்திரத்துக்கு 14 நாட்கள். நடைமுறையில் காகிதங்கள் சேரவே அதற்கு மேல் ஆகிவிடும். மறுமுனையில், 3 வருடம் தாண்டிப் போடும் மனுவில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ‘குடும்பச் சூழ்நிலை’ என்ற ஒற்றை வரி போதாது. எப்போது உயில் கிடைத்தது, யார் எப்போது ஆட்சேபித்தார், எந்த அலுவலகம் எப்போது புரோபேட் கேட்டது என்று தேதியோடு எழுதுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் சொத்து மதிப்பை வைத்துத்தான். பட்டியலில் இரண்டு இணைப்புகள் உண்டு. ‘ஏ’ இணைப்பில் சொத்துகள், ‘பி’ இணைப்பில் கழிக்க வேண்டியவை: இறந்தவர் வைத்துவிட்டுப்போன கடன், இறுதிச் சடங்குச் செலவு, அவர் அறங்காவலராக வைத்திருந்த சொத்து. வீட்டுக் கடன் பாக்கி, மருத்துவமனை பில் பாக்கி போன்றவற்றை ‘பி’யில் போட மறந்து கட்டணத்தை அதிகமாகக் கட்டுபவர்கள் உண்டு. நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பையும் சர்வே எண்ணையும் பத்திரத்தில் உள்ளபடி எழுதுங்கள். உயிலில் பழைய கதவு எண், மாநகராட்சி வரி ரசீதில் புதிய எண் இருந்தால் இரண்டையும் எழுதாவிட்டால், உத்தரவு வந்தபின் பட்டா மாறாது.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசுகளின் சம்மதமோ அதிகாரப் பத்திரமோ (தங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் ‘பவர்’), அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்தோ, அந்த நாட்டு அதிகாரிகள் சான்றாக இடும் அப்போஸ்டில் முத்திரையோடோ வர வேண்டும். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

நீதிமன்றத்தில்

அலுவலகம் மனுவைப் பார்த்துக் குறைகளைக் குறித்துத் திருப்பும். ஒரு தடவை திரும்புவது சாதாரணம். எண் விழுந்தபின் வாரிசுகளுக்கு நோட்டீஸும் செய்தித்தாளில் பொது அறிவிப்பும் போகும். யாரும் கேவியட் (எதிர்ப்பு மனு) போடாவிட்டால் மனுதாரரின் சாட்சியமும் உயில் சாட்சியின் சாட்சியமும் பதிவாகி உத்தரவு வரும். எதிர்ப்பே இல்லாத மனுவுக்கும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

யாராவது எதிர்த்தால் மனு வழக்காக மாறும். சென்னையில் அதற்கு ‘டி.ஓ.எஸ்.’ (உயில் பற்றிய அசல் வழக்கு) என்று தனி எண் விழும். அதன்பின் அது சாதாரண சிவில் வழக்கின் வேகத்தில், அதாவது வருடக்கணக்கில் நடக்கும். எனவே எதிர்க்கக்கூடிய வாரிசிடம் மனு போடுவதற்கு முன்பே பேசிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பேச்சு கசந்தாலும் அவருக்கு நோட்டீஸ் போகாமல் மட்டும் செய்துவிடாதீர்கள். முகவரி தெரிந்தும் ‘தெரியாது’ என்று எழுதி வாங்கிய புரோபேட்டை 263ஆம் பிரிவின்படி பல வருடம் கழித்தும் ரத்து செய்யலாம். அதற்குள் வீடு கைமாறியிருந்தால் வாங்கியவரும் அந்த வழக்குக்குள் இழுக்கப்படுவார்.

உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகல்களுக்கு ஒன்றுக்கு மேல் விண்ணப்பியுங்கள். பிறகு ஒவ்வொரு அலுவலகமாக ஒரே நகலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

உத்தரவுக்குப் பிறகு

வங்கிக்கு பெரும்பாலும் புரோபேட்டே வேண்டாம். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் போதும். ரிசர்வ் வங்கியின் 2025 செப்டம்பர் நெறிமுறைப்படி, நாமினி இல்லாத கணக்குகளிலும் வணிக வங்கியில் 15 லட்சம், கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை எளிய முறை உண்டு. காகிதங்கள் முழுமையாகச் சேர்ந்தபின் 15 நாட்களுக்குள் வைப்புத் தொகையைத் தீர்க்க வேண்டும். மேலாளர் வாய்மொழியாக ‘கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க’ என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டியிருந்தால் பல கோரிக்கைகள் தானாக மறைந்துவிடும். கணக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் ‘உத்கம்’ தளத்தில் தேடலாம். 10 வருடம் கேட்பாரற்றுக் கிடந்த வைப்புகள் அதில் கிடைக்கும்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர், சொந்தக்காரர் அல்ல. 1983இல் சர்பதி தேவி வழக்கில் சொன்ன இந்தக் கருத்தை, பங்குகளுக்கும் 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015க்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுடையதே. தம்பி பெயர் வைப்பில் நாமினி, உயிலில் மகள் பெயர் என்றால் தம்பி வாங்கி மகளிடம் கொடுக்க வேண்டும்.

பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஒவ்வொன்றும் தனி அலுவலகம். பட்டாவை முதலில் முடியுங்கள், மற்றவை அதைப் பார்த்து நகரும். சொத்தை விற்க நினைத்தால் வாங்குபவர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புரோபேட் என்று வரிசையாகக் கேட்பார். வயது வராத பிள்ளையின் பங்கு அதில் இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்ற விற்பனையை அந்தப் பிள்ளை பெரியவனானபின் ரத்து செய்ய முடியும்.

வாரிசு வரி என்று இந்தியாவில் இப்போது எதுவும் இல்லை, எஸ்டேட் தீர்வை 1985இல் போய்விட்டது. ஆனால் இறந்தவர் இறந்த தேதி வரையிலான வருமானத்துக்கு வருமான வரிக் கணக்கு உண்டு. வருமான வரித் தளத்தில் சட்ட வாரிசாகப் பதிவு செய்து அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

பங்கு பிரிக்கும் முன் நிறைவேற்றுநர் செய்ய வேண்டியது கடன் அடைப்பது. முதலில் இறுதிச் சடங்குச் செலவு, அடுத்து புரோபேட் மற்றும் நிர்வாகச் செலவு, பிறகு வேலைக்காரர் சம்பளப் பாக்கி, அதன்பின் மற்ற கடன்கள் என்பது சட்டம் சொல்லும் வரிசை. எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்ட பிறகு கடன்காரர் வந்தால் நிறைவேற்றுநர் தன் கையிலிருந்து பதில் சொல்ல நேரலாம். அதனால் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து அப்பாவின் கடனை அடைக்க வேண்டியதில்லை. வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு.

உத்தரவு கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். புரோபேட் கைக்கு வந்த அன்றே இந்த இரண்டு தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ரசீதையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.